தேவநேசன் அண்ணாச்சியின் இடது கை

செய்தி எனக்குத் தொலைபேசியில் வரவில்லை, விளக்குக் கம்பத்தில் வந்தது. காலையில் பால் வாங்கத் திருவனந்தபுரம் கோட்டைக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தேன். கைப்பேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. கிழக்கேகோட்டை முக்கில் ஏணி போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டை போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். கீழே மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்'. யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கால் நின்றது. திரும்பிப் பார்த்தேன். தேவநேசன் அண்ணாச்சி.

வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால் அவர் மனைவி எஸ்தர் மன்னியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. திருப்பிக் கூப்பிட்டேன். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். மன்னி அழவில்லை. "சாமி, ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு நெனச்சேன். ஊரே முந்திக்கிட்டு" என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவு பழகியவரின் முகத்தை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. அவர் கால்பந்தாட்டத்தில் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவனை நிறுத்துகிறவர். நான் அவருக்குப் பின்னால் நின்ற கோல்கீப்பர். எங்கள் அலுவலக அணியிலும் கேரள மாநில அணியிலும் எத்தனையோ ஆண்டுகள் நான் பார்த்தது அவருடைய முதுகைத்தான். முகத்தைப் பார்த்ததெல்லாம் கேன்டீனில். அந்த முதுகை எந்தக் கம்பத்தில் கட்டியிருந்தாலும் பால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு நின்றிருப்பேன்.

தேவநேசன் அவர்கள் பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊரில் பிறந்தவர். தகப்பனார் அந்த ஊர்க் கிறிஸ்தவ சபையில் உபதேசியார். அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு ஆடித் தொடங்கியவரை எங்கள் அலுவலகம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுத்தது. நானும் அதே வழியில் உள்ளே போனவன்தான். ஒதுக்கீட்டில் வந்தவர்கள் என்றால் அந்தக் காலத்து சூப்பிரண்டுகளுக்கு ஓர் இளக்காரம் உண்டு. காலையில் பயிற்சி முடித்து, தலை காயாமல் வந்து கையெழுத்துப் போட்டால், "வந்தாச்சா, மகாராஜாக்கள்!" என்பார்கள். அண்ணாச்சி அதற்குத் தலையைக் குனிந்து கும்பிட்டு, உண்மையாகவே மகாராஜா மாதிரி நடந்து தம் நாற்காலிக்குப் போவார்.

முதல் நாள் மைதானத்தில் என்னிடம் மலையாளத்தில் பெயர் கேட்டார். நான் சொன்ன மாத்திரத்தில் தமிழுக்கு மாறிவிட்டார்.

"கோட்டைக்குள்ள அக்ரஹாரமா? பட்டரு பந்து புடிப்பாரோ?"

"உபதேசியார் பிள்ளை பந்தை உதைக்கலாம், பட்டர் புடிக்கப்படாதா?" என்றேன், அவரைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்த துணிச்சலில்.

வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து நான் 'சாமி', அவர் எனக்கு 'அண்ணாச்சி'. அவருடைய தெற்கத்திப் பேச்சை நான் கேலி செய்வேன், என்னுடைய 'வந்தேளா போனேளா'வை அவர் கேலி செய்வார். எங்கள் வீட்டில் முதல்முறை சாப்பிட்டுவிட்டு, "சாமி, ஒங்க ரசத்துக்கு ஒரு ஜெபமே செய்யலாம்டே" என்றார். என் அம்மா அதைப் பல வருஷம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

அவர் ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு எப்படிச் சொல்வது? அவர் சட்டையில் மண் படாது. மற்ற தடுப்பாட்டக்காரர்கள் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்துக் கைதட்டல் வாங்குவார்கள். இவர் பந்து வரப்போகிற இடத்துக்கு முன்னாலேயே போய், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நிற்பார். ஏன் விழுவதே இல்லை என்று ஒருமுறை கேட்டேன். "விழுந்தா எந்திரிக்கணும்லா? நான் எந்திரிக்கிற நேரத்துல அவன் கோலடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருவான்" என்றார். மாநில அணிக்குள் நாங்கள் இருவரும் சேர்ந்தே நுழைந்தோம்.

அங்கேதான் எங்கள் தமிழ்க் கதை தொடங்கியது. மைதானத்தில் ஸ்டாப்பரும் கீப்பரும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். பந்து யாருக்கு, யார் வெளியே வருவது, யார் நிற்பது என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் தமிழில் கத்தினோம். வங்காளத்துக்காரனுக்கும் பஞ்சாபுக்காரனுக்கும் ஒன்றும் விளங்காது. "இடது பக்கத்துக் கொக்கு தலையால முட்ட ஏறி வருது" என்று அண்ணாச்சி சத்தமாகச் சொல்வார். அந்த நெட்டைக் கொக்கு பக்கத்திலேயே முழித்துக்கொண்டு நிற்கும். எங்கள் பயிற்சியாளர் மலையாளி. அவருக்கும் அது ஒரு ரகசிய ஆயுதம் என்று பெருமை.

பிறகு திருவனந்தபுரத்திலேயே, சொந்த ஜனங்களுக்கு முன்னால், ஓர் அரையிறுதி ஆட்டம் வந்தது. எதிரணி தமிழ்நாடு.

நம்ப மாட்டீர்கள், எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. பயிற்சியாளர் எதிரணியின் ஓட்டத்தையெல்லாம் பலகையில் வரைந்து விளக்கினார். அவர்களுக்குத் தமிழ் தெரியும் என்பதை மட்டும் யாரும் நினைக்கவில்லை. ஆட்டம் முழுக்க நாங்கள் வழக்கம்போலக் கத்தினோம்; அவர்கள் வழக்கத்துக்கு மாறாக எல்லாவற்றுக்கும் முன்னதாகவே ஓடினார்கள். இவர்கள் எப்படி எங்கள் மனசைப் படிக்கிறார்கள் என்று நான் வியந்துகொண்டுகூட இருந்தேன்! ஆட்டம் முடியப்போகிற சமயம், ஒரு பந்து கோல்கம்பத்துக்கு வெளியே கோட்டை நோக்கி உருண்டு வந்தது. பிடிக்கப் பாய்ந்த என்னை நிறுத்தி, "சாமி, விட்டுரு, வெளிய போவுது!" என்று அண்ணாச்சி கத்தினார். நான் விட்டேன். அவர்களுடைய ஃபார்வர்டு விடவில்லை. நாங்கள் விடப்போகிறோம் என்று தெரிந்தவன் மாதிரி ஓடி வந்து, கோட்டின் மேலேயே பந்தை உள்ளே திருப்பிவிட்டான். அப்புறம் என் தோளில் தட்டி, "ரொம்ப நன்றி, சாமி" என்றான். சுத்தமான மதுரைத் தமிழ்.

தோற்றுப்போனோம். உடை மாற்றும் அறையில் அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசியில், "அவனுவளும் தமிழனுவ இல்லியாடே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. கண்ணில் தண்ணீரோடு இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்துப் பயிற்சியாளர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை மைதானத்தில் அண்ணாச்சி ஒரு புதுச் சட்டம் போட்டார். இனி வாய் கூடாது. கோல் பக்கம் முதுகைக் காட்டி நின்று, இடது கையைப் பின்னால் இடுப்புக்கு மேல் வைத்தார். உள்ளங்கையை விரித்தார். "இது வந்தா, நான் நிக்கேன், நீ வெளிய வா." கையை மூடினார். "இது வந்தா, நான் போறேன், நீ கோல்கோட்டை விட்டு நகரப்பிடாது." அவ்வளவுதான் பாஷை. விரித்த கை, மூடிய கை. அதற்குப் பிறகு நாங்கள் ஆடிய எல்லா ஆட்டத்திலும் என் கண் பந்தைவிட அந்தக் கையைத்தான் அதிகம் பார்த்தது.

அப்புறம் அவரை இந்திய அணிக்கு அழைத்தார்கள். என்னை அழைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் எஸ்தர் மன்னியே நம்ப மாட்டார். அவர் நீலச் சட்டையோடு வெளிநாட்டு மைதானங்களுக்குப் போனார். நான் இங்கே அலுவலக அணியில் வேறொருவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் அவர் ஆடும் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அக்ரஹாரத்தில் பெட்டி இருந்த வீட்டில் தெருவே கூடியிருந்தது. எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தபோது, அண்ணாச்சியின் இடது கை தானாகப் பின்னால் போனது. மூடிய கை.

"எனக்குக் காட்டறார்! எனக்குத்தான் காட்டறார்!" என்று எழுந்து கத்திவிட்டேன்.

தெரு முழுக்கச் சிரித்தது. அந்தக் கீப்பருக்கோ ஒன்றும் புரியவில்லை. அவன் வெளியே ஓடி வந்து அண்ணாச்சி மேலேயே மோதினான். நல்லவேளை, கோல் விழவில்லை. ஊர் திரும்பியதும் இதைச் சொன்னேன். "என்ன செய்ய சாமி? அந்தக் கைக்கு ஒன்னைய மட்டுந்தான் தெரியும்" என்றார். இந்திய அணியின் சட்டை எனக்குக் கிடைக்கவில்லை. இந்த வார்த்தை கிடைத்தது. இன்றுவரை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அவருடைய புகழைப் பற்றிச் சொல்லாமல் இந்த அஞ்சலி முடியாது. "தேவேட்டன் உண்டு, பேடிக்கண்டா" என்று கேலரி பாடும். தேவேட்டன் இருக்கிறார், பயப்படாதே என்று பொருள். சாலைக் கடைத்தெருவில் அவரோடு நடந்து போனால் வாழைக்குலைக்காரர் முதல் பூக்காரர் வரை நிறுத்திவிடுவார்கள். விழிஞ்ஞத்தில் மீன்பிடிக் குப்பங்களின் கோப்பையை வழங்கப் போனபோது அவரைத் தோளில் தூக்கிக் கடல்வரை கொண்டுபோய்விட்டார்கள். பெரியவர்களைப் பற்றி எழுதும்போது புகழை விரும்பாதவர் என்று எழுதுவது வழக்கம். இவர் விரும்பினார். நன்றாகவே விரும்பினார். வெளியே இறங்கும் முன் தலை சீவிக்கொள்வார். நாலு பேர் திரும்பிப் பார்க்காத தெருவில் வேகமாக நடப்பார். பார்க்கிற தெருவில் மெதுவாக நடப்பார்.

அண்ணாச்சி ஓய்வு பெற்ற பிறகு அவர் மகன் ஜோயலுக்கு, நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை கிடைத்தது. அவன் அடுக்ககத்துக்கு ஒருநாள் நாங்கள் போனோம். வாசலில் காவலர் பெயர் கேட்டார். அண்ணாச்சி முழுப் பெயரையும் நிறுத்தி, தெளிவாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எத்ராமத்தெ ஃப்ளோர்?" என்று மாடியைக் கேட்டார். திரும்பி வரும்போதுதான், "அந்த ஆளு பந்தே கண்டிருக்க மாட்டான், பாவம்" என்றார். அந்தக் காவலருக்காக அவர் உண்மையிலேயே இரக்கப்பட்டார்.

மாலை நேரங்களில் சிறு கிளப்புகளின் ஆட்டம் பார்க்கப் போவோம். எல்லோரும் அவரைக் கேலரியில் முன்வரிசைக்கு அழைப்பார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து எல்லோருக்கும் முகம் காட்டிவிட்டு, கோல்வலைக்குப் பின்னால் வந்துவிடுவார். "நீ இங்கேருந்துதான என்னைய பாத்தே? நான் எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியாதே. ஊரெல்லாம் முன்னாலேருந்து கண்டது. பொறத்தால எப்படிடே இருந்தேன்?" என்று கேட்பார். "கொஞ்சம் கூன்" என்பேன் வேண்டுமென்றே. "போடே" என்பார். பதிலை நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவும் இல்லை.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போனது, பேச்சும் போனது. தமிழ், மலையாளம் இரண்டும் ஒரே நாளில் அவரை விட்டுப் போய்விட்டன. ஊருக்கு ஒரு குரல் இருந்தால் அது அவருடையது என்று நான் நினைத்திருந்தேன். அதைக் கேட்காமல் அந்த வீட்டுக்குள் போவதற்கு எனக்கு மனம் வரவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய மைதானத்தைப் புதுப்பித்துத் திறக்கும் விழா வந்தது. ஒரு காட்சி ஆட்டம் வைத்து, அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வீடு இரண்டுபட்டது.

"அப்பாவை இப்படி ஆளுங்க காணண்டா அங்கிள், காண வேண்டாம்" என்றான் ஜோயல். "அவங்க மனசுல உள்ள தேவேட்டன் அப்படியே இருக்கட்டும். எல்லாரும் மொபைல் எடுத்துப் பிடிப்பாங்க. எனக்கு அது சகிக்காது."

"அவருக்கு ஆளுங்க வேணும்டா" என்றார் எஸ்தர் மன்னி. "ஆளு காணாமதான் அவரு தேஞ்சு போறாரு. நீ கழக்கூட்டத்துல இருக்கே. நான்தான தெனமும் பாக்கேன்."

அவரையே கேட்டால் இரண்டு பேருக்கும் தலையசைத்தார். மகன் "போகண்டா அல்லே அப்பா?" என்றால் ஆம். மனைவி "போவோம், இல்லியா?" என்றால் ஆம். இரண்டு பேரையும் வருத்தப்படுத்த அவருக்கு மனமில்லை. அவர் உண்மையில் என்ன விரும்புகிறார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தப்பாக முடிவெடுத்தால், ஜனங்கள் முன்னால் அவரைக் கூனிக் குறுக வைத்துவிடுவோம்; அல்லது ஜனங்களைக் காணாமலே அவரைச் சாகவிடுவோம். மன்னி என்னைக் கூப்பிட்டார்.

நான் போய் எதிரே உட்கார்ந்து கேட்டேன். எனக்கும் தலையசைத்தார். அப்போதுதான் தோன்றியது, நாங்கள் முக்கியமான எதையும் முகம் பார்த்துப் பேசியதே இல்லை. சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். பின்னால் வந்து நின்றேன். மெலிந்திருந்தாலும் அதே முதுகு.

"அண்ணாச்சி, மைதானத்துக்குப் போலாமா?"

நாற்காலியின் பக்கவாட்டில் இடது கை மெல்லத் தொங்கியது. பின்னால் வந்தது. விரிந்தது.

"மேடைக்கா?"

கை மூடியது.

"அப்போ நம்ம எடத்துக்கா? கோலுக்குப் பின்னாலயா?"

கை விரிந்தது. நன்றாக, விரல்கள் நடுங்க நடுங்க விரிந்தது. எஸ்தர் மன்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்படியே செய்தோம். பொன்னாடை இல்லை, மேடை இல்லை. கோல்வலைக்குப் பின்னால் அவருடைய நாற்காலி, பக்கத்தில் நான். மன்னி அவருக்குத் தலை சீவிவிட்டிருந்தார். ஆட்டம் தொடங்கியது. வலைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் ஸ்டாப்பர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். விழாமல், அலட்டாமல், பந்து வரும் இடத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறவன். அண்ணாச்சி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவர் காதில், "இப்படித்தான் இருந்தேள் அண்ணாச்சி. இதைவிட நன்னா இருந்தேள்" என்றேன். அவர் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. எத்தனை காலமாகத் தள்ளிப்போட்ட பதில்!

கேலரியில் யாரோ அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மூலையில் தொடங்கி மைதானம் முழுக்க அந்தப் பழைய பாட்டு எழுந்தது. தேவேட்டன் உண்டு, பேடிக்கண்டா. அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். வீட்டில் படுத்துக் கிடந்தவருக்கு அந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

ஜோயல் பயந்ததும் நடந்தது. கோணிய முகத்தோடு இருந்த ஒரு படம் அன்று மாலையே எல்லோர் கைப்பேசியிலும் சுற்றியது. அவன் சில வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவன் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்; அது ஒரு மகனின் கோபம். ஆனால் இறுதிச் சடங்கில் அவனே என்னிடம் வந்து, "அன்னைக்குப் போனது நல்லதாப் போச்சு அங்கிள்" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன வாரம். படுக்கைப்புண் வராமல் இருக்க அவரை வலது பக்கமாகத் திருப்பி, சுவரைப் பார்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். நான் வந்தது அவருக்குத் தெரிந்ததா என்பதே தெரியவில்லை. "சாமி வந்திருக்கேன்" என்றேன். அசைவில்லை. கிளம்ப எழுந்தபோது பார்த்தேன். இடது கை பின்னால், இடுப்புக்கு மேல் கிடந்தது. மூடிய கை.

"அந்தப் பக்கம் திருப்பிப் போட்டா கை அப்படித்தான் வரும் சாமி" என்றார் எஸ்தர் மன்னி, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

இருக்கலாம்.

அவருடைய உடலை மைதானத்தில் வைத்தார்கள். வரிசை சாலைவரை நீண்டது. கழக்கூட்டத்துச் சின்ன வயசுக்காரர்கள்கூட அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க வந்து நின்றார்கள். அந்தக் காவலரும் எங்காவது நிற்கிறாரா என்று என் கண் தேடியது. பெட்டிக்குள் அண்ணாச்சி நீலச் சட்டையோடு முகம் காட்டிப் படுத்திருந்தார். ஊர் கண்ட முகம் அது. நன்றாகத்தான் சீவிவிட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த முதுகு அடியில் இருந்தது, அதை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

பாறசாலைக்குத் தெற்கே அவருடைய ஊரில் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி, சபையின் கல்லறைத் தோட்டத்துக்குத் தோளில் எடுத்துப் போனார்கள். பக்கத்தில் வரும்படி ஜோயல் அழைத்தான். வேண்டாம் என்றேன். எனக்குப் பழகின தூரம் ஒன்று இருக்கிறது. அந்தத் தூரம் விட்டு, பின்னாலேயே நடந்தேன். குழிமேட்டுக்கு வெளியே நின்றுவிட்டேன்.

அண்ணாச்சி, நீங்கள் கையை மூடிக் காட்டினீர்கள், நான் நகரவில்லை. கோட்டிலேயேதான் நிற்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் முன்னால் யாருமில்லாமல் மைதானம் ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. உங்களுக்குத் தோன்றுகிற அன்றைக்குக் கையை விரியுங்கள். பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.